முதல் பாகம், நான்காம் முறை

ஆவாரம்புதூருக்கு மின்சாரம் வராமல் நின்றுபோனதற்குக் காரணம் இரண்டு மாடுகள். அதுவும் சென்னையில் யாரோ ஓர் ஓவியர் மேஜைமேல் காகிதத்தைப் பரப்பி வைத்து, காப்பி குடித்துக்கொண்டே வரைந்த மாடுகள்.

ரெட்டியார்சத்திரத்திலிருந்து மேற்கே ஐந்து மைல் மண் ரோட்டில் போனால் அந்த ஊர் வரும். நாற்பது கிணறுகள். வெங்காயமும் தக்காளியும் கத்தரியும் விளைந்து திண்டுக்கல் சந்தைக்கு வண்டியேறும். அத்தனைக்கும் தண்ணீர் மாடு கட்டி இறைக்கும் கமலையில்தான். கிணற்று மேட்டிலிருந்து சரிவாக ஒரு பாதை இறங்கும். வடக்கயிற்றின் ஒரு நுனி கிணற்றுக்குள் தொங்கும் சால் என்ற பெரிய வாளியில், மறு நுனி மாடுகளின் நுகத்தடியில். மாடுகள் சரிவில் இறங்கினால் சால் நிறைந்து மேலே வரும். தண்ணீரைக் கொட்டியதும் மாடுகள் அப்படியே பின்னோக்கி மேட்டுக்கு ஏறினால் சால் மறுபடி கிணற்றுக்குள் போகும். விடியும் முன்னே ஆரம்பித்தால் வெயில் ஏறும்வரை இறங்குவதும் ஏறுவதும்தான். இதில் ரகசியம் ஒன்றுமில்லை. அந்த ஊரில் பால் மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அறுபத்தொன்றாம் வருஷம் மின்கம்பங்கள் இரண்டு மைல் தூரம்வரை வந்து நின்றன. ஊரே சேர்ந்து மனுப் போட்டது. எல்லோரையும்விட அவசரம் ஒச்சப்பனுக்கு. அவருடைய மயிலைக் காளைக்கு வயது ஏறிவிட்டது. கழுத்தில் நுகத்தடிப் புண் ஆறுவதும் பிளப்பதுமாக இருந்தது. சரிவில் இறங்கும்போது முழங்கால் நடுங்கியது. கரண்டு வந்து மோட்டார் வைத்துவிட்டால் மயிலையை அவிழ்த்துவிட்டு நிழலில் கட்டிப் போடலாம் என்று அவர் ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார். மாட்டிடம் சொல்லியும் வைத்திருந்தார்.

ஆனால் மனு போட்டவர்களுக்கெல்லாம் கம்பம் நட்டுக்கொண்டே போக சர்க்கார் என்ன இளிச்சவாயா? முன்னேற்றத்தில் மெய்யான ஆசை இருக்கும் ஊருக்குத்தான் முன்னுரிமை. அந்த ஆசையை அளந்து சொல்லும் பொறுப்பு கிராமத் திரைக்கல்வித் துறை என்ற ஒரு துறையிடம் இருந்தது. அளக்கும் கருவி ஒரு பொம்மைப் படம். வரைந்த ஆட்கள் திரையில் நடப்பார்கள், பேசுவார்கள், விழுவார்கள். ‘தூங்காண்டி குடும்பம்’ என்று பெயர். பன்னிரண்டு பாகங்கள். ஒரு தொந்தி வைத்த குடியானவன், கையில் கரண்டியோடு அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள், அவர்கள் நால்வரையும்விட விவரமான ஒரு நாய். முதல் பாகத்தில் தூங்காண்டி கொட்டாவி விடுவான், கமலை ஓட்டுவான், சேற்றில் விழுவான். பிறகு ஜீப்பில் ஓர் அதிகாரி வந்து நான்கு நிமிஷம் புத்தி சொல்வார். தூங்காண்டி திருந்துவான். எந்த இடத்தில் ஊர் சிரிக்கிறது என்பதைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். சரியான இடத்தில் சிரித்த ஊர் இரண்டாம் பாகத்துக்குத் தேறும். இரண்டாம் பாகம் பார்த்த ஊர் கம்பப் பட்டியலில் ஏறும்.

புரட்டாசியில் ஒரு நாள் பொழுது சாயும் வேளைக்குத் துறையின் ஜீப் வந்தது. ஓட்டி வந்தவர் பேகம்பூர் சனாவுல்லா. வண்டி ஓட்டுவது, திரை கட்டுவது, படம் காட்டுவது மூன்றும் அவர்தான். முன் இருக்கையில் திரைக்கல்வி அலுவலர் பஞ்சநதம். கும்பகோணத்துப் பக்கத்துக்காரர். அங்கே காவேரித் தண்ணீர் தானாக வயலைத் தேடி வரும்; அது அவர் குற்றமில்லை.

ஜீப்பில் வந்த ஜெனரேட்டரில் படம் ஓடியது. தூங்காண்டி வாயைப் பிளந்து கொட்டாவி விட்டான். பதிவேட்டின்படி இங்கே ‘நடுத்தரச் சிரிப்பு’ வர வேண்டும். முன் வரிசையில் இருந்த கருப்பம்மாள், “பாவம், கோழி கூப்புடயில எந்திரிச்சிருப்பான்” என்றாள். அவன் சேற்றில் விழுந்தான். இங்கே ‘பலமான சிரிப்பு’. “அய்யய்யோ, இடுப்பு போச்சே” என்று நாலைந்து பெண்கள் பதறினார்கள். பஞ்சநதம் பதிவேட்டில் இரண்டு பூஜ்யம் போட்டார்.

அடுத்தது கமலை. தூங்காண்டியின் மாடுகள் சரிவில் குதித்துக் குதித்து மேலே ஏறின. ஏற ஏறச் சாலும் தண்ணீர் தளும்ப மேலே வந்தது. 

“ஏலே, மாடும் மேல ஏறுது, சாலும் மேல வருது! வடம் என்ன ரப்பராலே?” என்றார் ஒச்சப்பன்.

அவ்வளவுதான். ஊர் சிரித்த சிரிப்பில் திரை ஆடியது. கண்ணும் மூக்கும் ஒழுகச் சிரித்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். திரையில் அதிகாரி வந்து நான்கு நிமிஷம் புத்தி சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை. ஒருவருக்கொருவர் மாடு ஏறுவதுபோல் ஏறிக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

பஞ்சநதம் அறிக்கை எழுதினார்: ‘மேற்படி கிராம மக்கள் கதாநாயகனின் அறியாமையைக் கண்டு சிரிக்கவில்லை. கடினமாக உழைக்கும் கால்நடைகளைக் கண்டு எள்ளி நகையாடினர். உழைப்பை மதிக்காத மனப்பான்மை வேரூன்றியுள்ளது.’

சென்னையிலிருந்து பதில் வர இரண்டு மாதம் ஆயிற்று. முதல் பாகத்தை மறுபடி காட்டும்படியும், புரியும்வரை இரண்டாம் பாகத்தை நிறுத்திவைக்கும்படியும் உத்தரவு. கார்த்திகையில் ஜீப் மறுபடி வந்தது. இந்தத் தடவை பஞ்சாயத்துத் தலைவர் கருப்புசாமி முன்கூட்டியே வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தார். “மாடு வரயில ஒருத்தரும் பல்லக் காட்டப்படாது. ஊரு வெளிச்சம் உங்க வாயிலதான் இருக்கு” என்றார்.

அடக்கச் சொன்ன பிறகு அடங்குகிற சாமானா சிரிப்பு? தூங்காண்டி கொட்டாவி விடும்போதே, அடுத்து மாடு வரப்போகிறது என்ற நினைப்பில் பெண்கள் பக்கம் இருந்த பேச்சாயிக்குக் கிணுகிணு என்று கிளம்பிவிட்டது. ஒச்சப்பன் துண்டை வாயில் திணித்துக்கொண்டு தலையைக் குனிந்தார். மாடுகள் ஏறின. துண்டு தெறித்து முன்வரிசையில் விழுந்தது. பஞ்சநதம் படத்தை நிறுத்தச் சொல்லி, டார்ச் அடித்து, யாருடைய துண்டு என்று விசாரித்து, பெயர், தகப்பனார் பெயர், வயது, கிணற்று சர்வே நம்பர் எல்லாம் எழுதிக்கொண்டார்.

தை மாதம் ஒச்சப்பனுக்குத் தாக்கீது வந்தது. அப்போதுதான் அரை ஏக்கரில் வெங்காயம் ஊன்றியிருந்தார். அன்றைக்குத் தண்ணீர் இறைப்பதை விட்டுவிட்டு, மனைவி ஜக்கம்மாள் கட்டிக் கொடுத்த கம்பஞ்சோற்றோடு ஐந்து மைல் நடந்து ரெட்டியார்சத்திரத்தில் இருந்த துறை ஆபீசுக்குப் போனார். காலையில் போனவரை நடுப்பகல்வரை வராந்தாவில் உட்கார வைத்தார்கள். அவருக்குக் கோபம் வரவில்லை. சும்மா உட்காருவதே அவருக்கு அபூர்வம் என்பதால் தூண் ஓரமாய்ச் செத்த நேரம் தூங்கிவிட்டார்.

எழுப்பி உள்ளே அழைத்துப் போனபோது பஞ்சநதம் எழுந்து நின்று பேசினார். ஒரே ஒரு ஆள் எதிரே இருந்தாலும் அவருக்குக் கூட்டம்தான்.

“ஒச்சப்பன் அவர்களே! இந்தப் படம் சாதாரணப் படம் அன்று. இதன் கதையை ஒரு குழு ஆராய்ந்தது. அந்தக் குழுவை இன்னொரு குழு ஆராய்ந்தது. ஒவ்வொரு சித்திரத்திலும் ஏழு பேர் கையொப்பமிட்டிருக்கிறார்கள். அந்த ஏழு பேரில் ஒருவர்கூடக் கிராமத்துக்கு வந்ததில்லை. ஆகவே எந்த ஊருக்கும் சார்பாக அவர்கள் நடந்துகொள்ள முடியாது. அப்பேர்ப்பட்ட படத்தில் தவறு என்று நீர் எதைச் சொல்கிறீர்?”

“மாடு மேல ஏறுதுங்கய்யா.”

“ஏறட்டுமே! முன்னேற்றம் என்றால் ஏற்றம்தானே?”

ஒச்சப்பன் மேஜைமேல் இருந்த மைக்கூட்டில் ஒரு நூலைக் கட்டினார். மேஜையின் எதிர் விளிம்பில் நூலைப் போட்டு மைக்கூட்டைக் கீழே தொங்கவிட்டார். நூல் நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். மைக்கூடு மேலே வந்தது. மேஜையை நோக்கி நடந்தார். மைக்கூடு தரைக்குப் போனது.

“இம்புட்டுத்தேன்யா” என்றார்.

பஞ்சநதம் மைக்கூட்டையே பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்து, நின்று, போய்விட்டது. “இது மைக்கூடு. கமலை என்பது வேறு” என்று சொல்லி உட்கார்ந்தார்.

பிறகு ஜன்னல்களில் கறுப்புக் கம்பளிகளை மாட்டி அறையை இருட்டாக்கினார்கள். ஒச்சப்பன் ஒருவருக்காக முதல் பாகம் மூன்றாம் முறை ஓடியது. படத்தை அவர் பார்த்தார். அவரை மூன்று பேர் பார்த்தார்கள். ஒருவர் டார்ச்சை அவர் முகத்தில் பிடித்திருந்தார். கம்பளி வெக்கையில் வேர்த்து ஊற்றியது. ஒச்சப்பன் தோட்டத்தில் காயும் வெங்காயத்தை நினைத்துக்கொண்டார். மயிலையின் கழுத்துப் புண்ணை நினைத்துக்கொண்டார். மாடுகள் ஏறியபோது உதட்டைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்துவிட்டார். ஆனாலும் பதிவேட்டில் ‘உதட்டில் சிரிப்பு: இல்லை. தோளில் சிரிப்பு: உண்டு’ என்று எழுதப்பட்டது. அறிக்கை சென்னைக்குப் போயிற்று.

வெளியே வந்தபோது சனாவுல்லா ஜீப் நிழலில் பீடி குடித்துக்கொண்டிருந்தார். ஒன்றை ஒச்சப்பனுக்கும் நீட்டினார்.

“பாய், ரெண்டாம் பாகத்துல என்னதேன் இருக்கு?” என்று கேட்டார் ஒச்சப்பன்.

“யாருக்குண்ணே தெரியும்? பெட்டி சீல் வச்சபடியே இருக்கு. மூணு வருஷமா ஊர் ஊரா மொதப் பாகந்தான் போடுறேன். ஒரு ஊருகூட தேறல. தூங்காண்டி பேசுறதெல்லாம் எனக்கு மனப்பாடம். வீட்டுல தூக்கத்துல ஒளர்றேன்னு எம் பொஞ்சாதி குர்ஷித் ஏசுறா.”

“எல்லா ஊருலயும் மாட்டுக்குத்தேன் சிரிக்கிறாகளா?”

“வேடசந்தூர்ப் பக்கம் சிரிக்கல. கல்லெடுத்து எறிஞ்சானுங்க” என்றார் சனாவுல்லா அலுப்போடு.

மாசியில் சென்னையிலிருந்து தகவல் வந்தது. ஜாயிண்ட் டைரக்டரே பங்குனியில் நேரில் வருகிறார். அவர் முன்னால் ஊர் தேறினால் உடனே பட்டியல். தேறாவிட்டால் ஐந்து வருஷத்துக்கு மனு எடுக்கப்படாது. கருப்புசாமி ஊரைக் கூட்டினார். படமில்லாமலே பயிற்சி நடந்தது. அவர் பச்சைத் துண்டை உயர்த்தினால் நடுத்தரச் சிரிப்பு, வெள்ளைத் துண்டை உயர்த்தினால் பலமான சிரிப்பு, கையைக் கட்டிக்கொண்டால் சத்தமே கூடாது. தினமும் சாயங்காலம் காட்டிலிருந்து வந்த சனம், கால் கழுவாமல் மந்தைப் பொட்டலில் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் ஒன்றுமில்லாததற்குச் சிரித்துவிட்டு எழுந்து போயிற்று. முதுகு வலிக்கச் சிரித்தார்கள். “களையெடுக்கறதே தேவலாம்” என்று கருப்பம்மாள் சொன்னாள்.

ஒச்சப்பன் பயிற்சிக்கு ஒரு நாளும் தவறவில்லை. மயிலைக்காகத்தான் போனார். அது இப்போது சரிவில் நாலு தடவை இறங்கினால் ஐந்தாம் தடவை நின்றுவிடும். மாட்டை முடுக்கும் தார்க்குச்சியைத் தொட அவருக்கு மனம் வரவில்லை. கழுத்தைத் தடவி, “இந்தா வந்துரும் அப்பு, கரண்டு வந்துரும். இன்னும் கொஞ்ச நாளு” என்பார். அதுவும் நம்பி இறங்கும். வெங்காயத்துக்கு இன்னும் இரண்டு தண்ணீர் பாய்ச்சினால் போதும், காய் திரண்டுவிடும்.

ஜாயிண்ட் டைரக்டர் வருகிற அன்று காலையில், பாதிச் சரிவில், மயிலை முன்னங்காலை மடித்து உட்கார்ந்தது. சால் கிணற்றின் நடுவில் தொங்கியது. ஒச்சப்பன் நுகத்தடியைக் கழற்றினார். ஜக்கம்மாள் கஞ்சித் தண்ணீர் கொண்டுவந்து வாயில் ஊற்றினாள். அது ஓரமாய் வழிந்தது. வெயில் உச்சிக்கு வரும் முன்னே மாடு செத்துப்போயிற்று. பன்னிரண்டு வருஷம் கூட உழைத்த உயிர். அவர் அதன் கொம்பைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதார். சாயங்காலம் கருப்புசாமி ஆள் அனுப்பினார். தலைகள் குறைந்தால் கணக்குத் தப்பும், நூற்றுப் பன்னிரண்டு பேரும் வந்தாக வேண்டும் என்றார்கள். ஒச்சப்பன் முகத்தைக் கழுவிக்கொண்டு போனார்.

முதல் பாகம் நான்காம் முறை ஓடியது. பச்சைத் துண்டுக்கு ஊர் சிரித்தது. வெள்ளைத் துண்டுக்கு ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. மாடுகள் வந்தபோது கருப்புசாமி கையைக் கட்டிக்கொண்டார். ஒரு சத்தமில்லை. அந்த மாடுகள் குதித்துக் குதித்து மேட்டில் ஏறின. கழுத்தில் புண் இல்லை, முழங்காலில் நடுக்கம் இல்லை. சால் தானாகத் தளும்பிக்கொண்டு வந்தது. ஒச்சப்பன் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

பஞ்சநதம் டார்ச்சைத் திருப்பினார். பதிவேட்டைப் புரட்டினார். அழுகைக்குப் பத்தி இல்லை.

விளக்குப் போட்டதும் ஜாயிண்ட் டைரக்டர் பேசினார். “பெருமக்களே! மனம் நிறைந்திருக்கிறது. ஒரே படத்தை நான்கு முறை காட்டி நான்காம் முறை புரியவைத்திருக்கிறோம். இரண்டாம் முறையே புரிந்திருந்தால் எங்கள் துறைக்கு இத்தனை அலுவலர்கள் ஏன் என்று கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்வியிலிருந்து எங்களைக் காப்பாற்றிய உங்களுக்கு நன்றி. அதோ அந்தப் பெரியவர் கண்ணீரே விட்டுவிட்டார். இங்கே வாருங்கள் ஐயா. என்ன கற்றுக்கொண்டீர்கள்? உங்களுக்கு என்ன வேண்டும்?”

ஒச்சப்பன் எழுந்து நின்றார். சொல்லிக் கொடுத்த பதில் ஒன்று இருந்தது. அது நினைவில் இல்லை.

“எனக்குக் கரண்டெல்லாம் வேணாங்கய்யா. அந்தப் படத்துல இருக்குல்ல, மேல ஏறிக்கிட்டே எறைக்கிற மாடு, அது எங்க கெடைக்கும்? அதுல ஒண்ணு குடுத்தீகன்னாப் போதும். என் மாடு இன்னைக்குச் செத்துப்போச்சு.”

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. கருப்புசாமியின் கை கட்டியபடியே இருந்தது. ஜாயிண்ட் டைரக்டர் உருகிப்போனார். “குறித்துக்கொள்ளும்” என்றார். பஞ்சநதம் குறித்துக்கொண்டார்: ‘விண்ணப்பதாரர் மின் இணைப்புக் கோரிக்கையைத் தாமே முன்வந்து திரும்பப் பெற்றார். ஊரின் விருப்பமும் இதுவே என அறியப்படுகிறது. மாடு குறித்த கோரிக்கை கால்நடைத் துறைக்கு அனுப்பப்படுகிறது.’ ஜாயிண்ட் டைரக்டரின் கார் கிளம்பிப் போயிற்று. பஞ்சநதமும் சனாவுல்லாவும் ஜீப்போடு பள்ளிக்கூடத்தில் தங்கிவிட்டார்கள்.

மறுநாள் விடிந்து வெளிச்சம் வந்தபோது சனாவுல்லா திரைக் கம்புகளைப் பிடுங்கி ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார். எதிர்த் தோட்டத்தில் ஒச்சப்பனும் ஜக்கம்மாளும் வடத்தைத் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் இறங்குவதைப் பார்த்தார். ஜோடி இல்லாத செவலைக் காளை ஓரமாய் நின்றது. சால் பாதி ஏறியது. ஜக்கம்மாளின் கால் வழுக்கியது. சால் மளமளவென்று கிணற்றுக்குள் போனது. இருவரும் மண்ணில் விழுந்து எழுந்தார்கள்.

“விடுய்யா, காயுறது காயட்டும்” என்றாள் அவள்.

“இன்னும் ஒரு தண்ணி, புள்ள. ஒரே ஒரு தண்ணி” என்றார் அவர்.

சனாவுல்லா ஜீப்பைத் தோட்டத்துக்குள் விட்டு, சரிவின் தலைமாட்டில் பின்பக்கம் கிணற்றைப் பார்க்க நிறுத்தினார். வடத்தின் நுனியை வாங்கி வண்டியின் பின்கொக்கியில் முடிந்தார். “வாய்க்காலப் பாத்துக்கண்ணே” என்று சொல்லி ஜீப்பைச் சரிவில் இறக்கினார். சால் நிரம்பி மேலே வந்து, தொட்டியில் கொட்டியது. பின்னோக்கி ஏற்றினார், சால் உள்ளே போனது. மறுபடி இறக்கினார். தண்ணீர் வாய்க்காலில் நுரைத்துக்கொண்டு ஓடியது. ஜக்கம்மாள் வாயில் கை வைத்து நின்றாள். நாலாம் சால், ஐந்தாம் சால், பத்தாம் சால். ஊர்சனம் ஒவ்வொருவராக வந்து வரப்பில் நின்றது.

சத்தம் கேட்டுப் பஞ்சநதம் பாதி பல் தேய்த்த வாயோடு ஓடி வந்தார். துறையின் பெயர் எழுதிய வண்டி கீழே இறங்குகிறது, தண்ணீர் மேலே வருகிறது. வண்டி மேலே ஏறுகிறது, சால் கீழே போகிறது. அவர் மூன்று முறை பார்த்தார். நான்காம் முறையும் பார்த்தார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். புரிந்துவிட்டது என்று நன்றாகத் தெரிந்தது.

“சனாவுல்லா! வண்டியை நிறுத்து!” என்றார். “திருப்பிக் கட்டு. படத்தில் மேலே ஏறும்போதுதான் தண்ணீர் வருகிறது. நீ ஏறும்போது இறை.”

“எறைக்கலாம் சார். தண்ணி வராது.”

பஞ்சநதம் கூட்டத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “தண்ணீர் வருவது வேறு துறை அப்பா. நீ படத்தின்படி ஓட்டு.”

சனாவுல்லா காதில் கையை வைத்து, இஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று ஜாடை காட்டிவிட்டு, ஜீப்பைச் சரிவில் இறக்கினார். ஒச்சப்பன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பாத்தி மடையைத் திறக்க ஓடினார்.